‘இல்லை’ என்று யாரும் சொல்லாத ஊரில் வியாபாரம்: இந்தோனேசியாவுக்கு முதல் முறை போகிறவர்களுக்கு

பாண்டுங் பக்கத்தில் மஜலாயா என்று ஒரு ஊர். நம் சோமனூர், பல்லடம் மாதிரி தறிச் சத்தத்தோடு வாழ்கிற ஊர். அங்கே ஓர் ஆலையில் தறி உதிரிபாகங்களுக்கு விலைப்பட்டியலை விரித்து வைத்து ஒரு மணி நேரம் பேசினேன். எதிரே ஐந்து பேர். ஐந்து பேரும் சிரித்த முகமாகக் கேட்டுக்கொண்டார்கள். கடைசியில் அவர்களில் மூத்தவர், ‘பாயிக், பாக். கமி பெலஜாரி துலு’ என்றார். ‘நல்லது ஐயா, முதலில் பார்த்துவிட்டுச் சொல்கிறோம்’ என்று அர்த்தம். எல்லோரும் சேர்ந்து போட்டோ எடுத்துக்கொண்டோம். கோவையில் வந்து இறங்கியதும், ஆர்டர் கையில் வந்த மாதிரிதான் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டேன். மூன்று மாதம் ஆகியும் ஒரு வரி வரவில்லை.

அவர்கள் ஏமாற்றவில்லை. ‘வேண்டாம்’ என்பதை அந்த மேசையிலேயே சொல்லிவிட்டார்கள். என் காதில்தான் விழவில்லை.

இந்தோனேசியாவில் நம்மவர்களுக்கு ஒரு தனி ஆபத்து உண்டு. ஜப்பானுக்குப் போகிறவர் பயந்துகொண்டு நாலு விஷயம் படித்துவிட்டுப் போவார். இங்கே இறங்கினால் அரிசிச் சோறு, வலது கை, வாசலில் செருப்பு, பெரியவர் வந்தால் எழுந்து நிற்பது என்று எல்லாம் நம் வீடு போலவே இருக்கும். மொழியில்கூட கடை ‘கெடாய்’, கப்பல் ‘கபால்’, பெட்டி ‘பெத்தி’. வியாபாரத்தில் போடும் முதல் ‘மோடல்’. நம்ம ஊர்தானே என்று அசந்துவிடுவோம். சறுக்குவது அங்கேதான்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 17,000க்கும் மேற்பட்ட தீவுகள், நூற்றுக்கணக்கான இனங்கள் கொண்ட நாடு அது. மக்கள்தொகையில் ஏறக்குறைய 40 சதவீதம் ஜாவா இனத்தவர். அடுத்து மேற்கு ஜாவாவின் சுண்டா மக்கள். அலுவலக நாகரிகம் பெரும்பாலும் ஜாவாக்காரர்களின் சாயலில்தான் இருக்கும். நான் எழுதுவதும் அதைத்தான். வடக்கு சுமத்ராவின் பாத்தாக் மக்களோடு வியாபாரம் பேசினால், இவ்வளவு நேரடியாகப் பேசுகிறாரே என்று நீங்கள்தான் திடுக்கிடுவீர்கள்.

முதல் படி: டிக்கெட்டுக்கு முன்னால் நாட்காட்டி

ரமலான் மாதத்தில் வேலை நேரம் குறையும். மதியச் சாப்பாட்டுச் சந்திப்பு கிடையாது. முக்கிய முடிவுகள் எல்லாம் ‘லெபாரான் முடியட்டும்’ என்று தள்ளிப்போகும். லெபாரான் என்பது நம்மிடம் ரம்ஜான் பெருநாள். அதற்கு ‘முடிக்’ என்று நகரமே காலி செய்துகொண்டு சொந்த ஊருக்குக் கிளம்பும். தீபாவளிக்குக் கோயம்பேட்டில் நின்ற அனுபவத்தைப் பல மடங்காக்கிக்கொள்ளுங்கள். பெருநாளுக்கு முன்னும் பின்னும் சேர்த்து இரண்டு வாரத்துக்கு எந்தச் சந்திப்பும் வைக்காதீர்கள். ஆண்டுதோறும் அது பத்துப் பதினோரு நாள் முன்னால் நகரும் என்பதால், போன வருடத்து நாட்காட்டியை நம்பக் கூடாது.

ஆனால் ரமலானை அப்படியே ஒதுக்கிவிடவும் வேண்டாம். நோன்பு திறக்கும் விருந்தை ‘புக்பெர்’ என்பார்கள். அதற்கு அழைத்தால் மற்ற வேலைகளை ஒத்திப் போட்டுவிட்டுப் போங்கள். அலுவலக மேசையில் மூன்று சந்திப்பில் வராத நெருக்கம் அங்கே ஒரே மாலையில் வந்துவிடும். பகலில் அவர்கள் முன்னால் தண்ணீர் குடிப்பதைத் தவிர்த்தால் கவனிப்பார்கள், வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள்.

வெள்ளிக்கிழமை பதினொன்றரை முதல் ஒரு மணி வரை ஜும்ஆ தொழுகை. அந்த நேரத்தில் கூட்டம் கேட்பது, நம் ஊரில் பொங்கல் அன்று காலை ஆடிட்டரை வரச்சொல்வது போல. பாலியில் ‘ஞெப்பி’ என்ற மௌன நாள் வரும். அன்று விமான நிலையமே 24 மணி நேரம் மூடிக் கிடக்கும். ஓட்டலை விட்டு வெளியே கால் வைக்க முடியாது.

விசா விஷயம் சுருக்கமாக. இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு இறங்கியதும் விசா கிடைக்கிறது. கட்டணம் 500,000 ரூபியா, 30 நாள், ஒரு முறை நீட்டிக்கலாம். கிளம்பும் முன் அதிகாரப்பூர்வ குடிநுழைவுத் தளத்தில் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். அந்த விசாவில் பேச்சுவார்த்தை நடத்தலாம், சரக்குப் பார்க்கலாம். ஸ்பேனரைக் கையில் எடுத்தால் அது வேலை. இயந்திரம் பொருத்த, பழுது பார்க்கப் போகிறவருக்கு வேறு விசா. ‘சும்மா ஒரு போல்ட்டுதானே முடுக்கினேன்’ என்று அதிகாரியிடம் விளக்கிக்கொண்டிருக்கும் நிலை வேண்டாம்.

இரண்டாம் படி: பெயரைச் சரியாகக் கூப்பிடுவது

இதில் நமக்கு ஒரு வசதி. ஜாவாக்காரர்கள் பலருக்கு நம்மைப் போலவே குடும்பப் பெயர் கிடையாது. ஒற்றைப் பெயர்தான். முதல் அதிபர் சுகர்னோ, இரண்டாவது அதிபர் சுகார்த்தோ, இருவருமே ஒற்றைப் பெயர்க்காரர்கள். ‘கடைசிப் பெயர் என்ன’ என்று கேட்கும் விண்ணப்பப் படிவத்தோடு நாம் படும் பாடு அவர்களுக்கும் உண்டு. முதல் சந்திப்பில் இதைச் சொல்லிச் சிரித்தால் பேச்சு தானாகச் சூடுபிடிக்கும்.

ஆணுக்கு ‘பாக்’, பெண்ணுக்கு ‘இபு’. அப்பா, அம்மா என்பதுதான் நேரடிப் பொருள்; புழக்கத்தில் ஐயா, அம்மா. முதல் பெயரோடு சேர்த்து ‘பாக் புடி’, ‘இபு ரத்னா’ என்று கூப்பிட வேண்டும். மொட்டையாகப் பெயரை மட்டும் சொல்லாதீர்கள். உங்கள் வயதோ, கீழ்நிலையோ உள்ள இளைஞரை ‘மாஸ்’ (அண்ணன்), இளம்பெண்ணை ‘ம்பாக்’ (அக்கா) என்று கூப்பிடலாம். வரவேற்பு மேசையில், உணவகத்தில் எல்லாம் இதுதான். மேலதிகாரியை அப்படிக் கூப்பிட வேண்டாம். சந்தேகம் வந்தால் ‘பாக்’. அதனால் யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

பாத்தாக் மக்களுக்கு ‘மார்கா’ என்ற குலப்பெயர் உண்டு: சிரேகார், நசுத்தியோன் போல. அவர்களை அதை வைத்தே ‘பாக் சிரேகார்’ என்பார்கள். பாலியில் வயான், மாடே, ஞோமன், கெத்துட் என்று பிறந்த வரிசையே பெயராகும் வழக்கம் உண்டு. ஒரே அலுவலகத்தில் நாலு வயான் இருப்பார்கள். முழுப்பெயரை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

விசிட்டிங் கார்டில் பெயருக்கு முன்னும் பின்னும் பட்டங்கள் அடுக்கியிருக்கும். பொறியியல் படித்த மூத்தவர்கள் ‘இன்சின்யூர்’ பட்டத்தின் சுருக்கத்தைப் பெயருக்கு முன்னால் போடுவார்கள், சுகர்னோவும் அப்படித்தான். ஹஜ் போய் வந்தவருக்கு ஹாஜி. கடிதத்தில் அந்த அடைமொழிகள் ஒன்றையும் விடக் கூடாது. பெயரில் ஒரு எழுத்துப் பிழைகூட அவர்களுக்கு உறுத்தும்.

மூன்றாம் படி: என்ன உடுத்துவது

கோட்டு சூட்டை வங்கிக்கும் சட்ட அலுவலகத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள். மற்ற இடங்களில் முழுக்கை பாத்திக் சட்டை ஒன்றே போதும்; அது அங்கே முழு மரியாதைக்குரிய உடை, அமைச்சர்களே அதில்தான் வருவார்கள். 2009 அக்டோபர் 2ஆம் தேதி யுனெஸ்கோ பாத்திக்கை மனிதகுலத்தின் புலனாகாப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அந்தத் தேதியே தேசிய பாத்திக் நாளாகிவிட்டது. வெள்ளிக்கிழமைகளில் அலுவலகம் முழுக்க பாத்திக்தான். ஜகார்த்தாவில் இறங்கிய அன்றே நல்லதாக ஒன்று வாங்கிக்கொள்வது என் வழக்கம். அரைக்கை பாத்திக் உல்லாசப் பயணி உடை மாதிரி தெரியும். சட்டையை வெளியே விட்டுத்தான் போட வேண்டும். பேன்ட்டுக்குள் செருகினால் உள்ளுக்குள் சிரிப்பார்கள்.

நான்காம் படி: நேரம் என்கிற ரப்பர்

‘ஜாம் காரெட்’ என்று அவர்களே தங்களைக் கிண்டல் செய்துகொள்வார்கள். ரப்பர் மணி. இழுத்தால் நீளும். ஆனால் நீங்கள் சரியான நேரத்துக்குப் போக வேண்டும். மேலே இருப்பவர் தாமதமாக வருவது மரபுக்குள் அடங்கும், விற்க வந்தவர் தாமதமாக வருவது அடங்காது.

ஜகார்த்தாவில் தாமதத்துக்கு ‘மாச்செத்’ என்ற ஒரு சொல் போதும்: போக்குவரத்து நெரிசல். வேலை நாட்களில் காலை 6 முதல் 10 வரையும், மாலை 4 முதல் 9 வரையும் முக்கிய சாலைகளில் வண்டி எண்ணின் ஒற்றை இரட்டை விதி உண்டு. வாடகைக் கார் அமர்த்தும்போது தேதியையும் நம்பர் பிளேட்டையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு சந்திப்பு, அதிகம் போனால் மூன்று. முடிந்தால் 2019இல் வந்த மெட்ரோ பாதையை ஒட்டியே ஓட்டலும் சந்திப்பும் இருக்கட்டும். பாண்டுங்குக்கு 2023இல் தொடங்கிய ‘ஊஷ்’ அதிவேக ரயில் இருக்கிறது. முக்கால் மணி நேரத்தில் கொண்டுபோய் விடும். முன்பு அந்த மலைச்சாலையில் நான் தொலைத்த வெள்ளிக்கிழமை மாலைகளைக் கணக்கெடுத்தால் ஒரு மாதம் தேறும்.

இன்னொரு பொறி. ‘ஸெத்தெங்ஙா ஸெம்பிலான்’ என்றால் சொல்லுக்குச் சொல் ‘அரை ஒன்பது’. ஒன்பதரை என்று நினைத்துவிடாதீர்கள், எட்டரை. டச்சுக்காரர்கள் மணி சொல்லும் முறையும் இதுதான். எண்ணில் எழுதித் தரச்சொல்லி உறுதி செய்யுங்கள். ஜகார்த்தா நம்மைவிட ஒன்றரை மணி நேரம் முன்னால். ஒரே நாட்டுக்குள் மூன்று நேர மண்டலம் இருப்பதால் பாலி இன்னும் ஒரு மணி நேரம் முன்னால்.

ஐந்தாம் படி: அறைக்குள் முதல் பத்து நிமிடம்

அறையில் எத்தனை பேர் இருந்தாலும் ஒவ்வொருவருக்கும் கை கொடுக்க வேண்டும், மூத்தவரிலிருந்து தொடங்கி. பிடி மென்மையாக இருக்கட்டும். கையை நசுக்கி உறுதியைக் காட்டும் பாணி அங்கே முரட்டுத்தனம். கை கொடுத்தபின் அந்தக் கையை நெஞ்சில் லேசாக வைத்து எடுப்பார்கள், நீங்களும் செய்யலாம். பெண்கள் கை நீட்டினால் மட்டும் கொடுங்கள். இல்லையென்றால் நெஞ்சில் கை வைத்துத் தலை சாய்த்தால் போதும். அறையில் இருக்கும் பெண் உதவியாளராகத்தான் இருப்பார் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். பெண் அதிபர் இருந்த நாடு அது, நிதிப் பிரிவில் முடிவெடுப்பவர் பல இடங்களில் ஒரு ‘இபு’தான்.

எங்கே உட்கார வேண்டும் என்று அவர்கள் காட்டும்வரை நில்லுங்கள். கார்டை வலது கையால் கொடுங்கள், இரு கையாலும் கொடுக்கலாம். வாங்கியதைப் படித்துப் பார்த்து மேசைமேல் வையுங்கள்.

அப்புறம் தேநீர் வரும். கூடவே ஓர் அட்டைப்பெட்டியில் தின்பண்டம், சின்ன பிளாஸ்டிக் டம்ளரில் தண்ணீர். கை வைக்காதீர்கள். ‘ஸிலாக்கான்’ என்று வீட்டுக்காரர் சொல்லும்வரை காத்திருக்க வேண்டும். ‘எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று பொருள். அவர் சொன்னதும், வேண்டாம் என்றாலும் ஒரு வாய் குடியுங்கள். எங்கள் ஊரிலும் விருந்தாளி தண்ணீரைத் தொடாமல் போனால் பாட்டி முகம் சுருங்கும். அதே கணக்கு.

வாழ்த்துக்கு நேரத்தைப் பொறுத்து சொல் மாறும்: காலையில் ‘ஸெலாமத் பாகி’, பதினொரு மணிவாக்கில் இருந்து ‘ஸெலாமத் சியாங்’, மூன்று மணிக்குப் பின் ‘ஸெலாமத் சோரே’, இருட்டியதும் ‘ஸெலாமத் மாலம்’. நன்றிக்கு ‘தெரிமா காஸிஹ்’. இந்த ஐந்தை விமானத்திலேயே மனப்பாடம் செய்துவிடலாம். தப்பாகச் சொன்னாலும் கைதட்டுகிற ஜனங்கள்.

ஆறாம் படி: வெட்டிப் பேச்சு வெட்டி இல்லை

முதல் அரை மணி நேரம் வியாபாரம் வராது. இதற்கு ‘பாஸா பாஸி’ என்று பெயர். ‘ஸுடா மாக்கான்?’ என்பார்கள், சாப்பிட்டாச்சா. ‘மௌ கெ மானா?’ என்பார்கள், எங்கே கிளம்பிட்டீங்க. நமக்கு இதில் விளக்கமே வேண்டியதில்லை. வெள்ளைக்காரர்கள் எரிச்சல்படும் இந்த இடத்தில் நாம் வீட்டில் இருப்பது போல இருக்கலாம். யாராவது சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கடந்துபோனால் ‘மாரி மாக்கான்’ என்பார், வாங்க சாப்பிடலாம். நன்றி சொல்லிவிட்டு நகர வேண்டும், உட்கார்ந்துவிடக் கூடாது.

கல்யாணம் ஆகிவிட்டதா, எத்தனை குழந்தைகள் என்றெல்லாம் கேட்பார்கள். ஆகவில்லை என்றால் ‘இல்லை’ என்று சொல்லாதீர்கள், ‘பெலும்’ என்று சொல்லுங்கள். ‘இன்னும் இல்லை’. அறுபது வயதுக்காரரும் ‘பெலும்’தான். கதவை முழுசாகச் சாத்தாத சொல் அது. இந்த நாட்டைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு சொல் கற்றுக்கொள்வதென்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

மதத்தையும் கேட்பார்கள், விசாரணையாக அல்ல. அங்கே அடையாள அட்டையிலேயே மதத்துக்கு ஒரு கட்டம் உண்டு. நாட்டின் அடிப்படைக் கொள்கையான பஞ்சசீலாவின் முதல் விதியே இறைநம்பிக்கை. பகுத்தறிவாளர்கள் அங்கே பிரசங்கத்தைத் தொடங்காமல் குடும்பத்தின் மதத்தைச் சொல்லிவிட்டுப் போவது நல்லது. இந்து என்றால் ‘ஓ, பாலி மாதிரி’ என்பார்கள். பிறகு அர்ஜுனன், பீமன், வாயாங் நிழற்கூத்து என்று பேச்சு விரியும். இங்கே ஒரு எச்சரிக்கை: ‘இதெல்லாம் எங்கள் நாட்டிலிருந்து வந்தது’ என்று மார்தட்ட வேண்டாம். அவர்களுடைய மகாபாரதம் அவர்களுடையது. ஜாவா கூத்தில் திரௌபதி தருமன் ஒருவனுக்கே மனைவி. ஸ்ரீகண்டி ஆணாக மாறிய சிகண்டி அல்ல, அர்ஜுனனை மணந்த வில்வீராங்கனை. சாதித்த பெண்களை இன்றைக்கும் ‘ஸ்ரீகண்டி’ என்கிறார்கள். ‘உங்கள் கதை எப்படிப் போகும்’ என்று கேளுங்கள். அரை மணி நேரம் போவதே தெரியாது.

1965 படுகொலைகள், பாப்புவா பிரிவினை, 1998 கலவரம், சீன வம்சாவளியினர் பற்றிய பேச்சு: இவற்றை நீங்கள் எடுக்க வேண்டாம். வடக்கு சுமத்ராவின் மேடான் நகருக்குப் போனால் கம்போங் மெட்ராஸ் என்று ஒரு பகுதியும் அங்கே மாரியம்மன் கோயிலும் உண்டு. அந்தப் பகுதிக்கு முன்பிருந்த பழைய பெயரைப் பேச்சில் இழுக்காதீர்கள், தமிழர்களை இழிவாகச் சொல்லும் சொல் அதில் இருக்கிறது.

ஏழாம் படி: ‘ஆம்’ எத்தனை வகை

என் மஜலாயா கதைக்குத் திரும்புகிறேன். அங்கே எதிரே இருப்பவரைச் சங்கடப்படுத்துவதுதான் பெரிய தப்பு. முகத்துக்கு நேரே மறுத்தால் கேட்டவருக்கும் வெட்கம், மறுத்தவருக்கும் வெட்கம். அந்த வெட்கத்துக்கு ‘மாலு’ என்று பெயர். பெரியவர் முன் எழும் தயக்கத்துக்கு ‘ஸுங்கான்’. இந்த இரண்டும் சேர்ந்து ‘இல்லை’ என்ற சொல்லைக் கிட்டத்தட்ட வழக்கிலிருந்தே எடுத்துவிட்டன.

‘யா’ என்றால் காதில் விழுந்தது என்று அர்த்தம். ஒப்புக்கொண்டதாக அல்ல. ‘அகாக் ஸுலித்’, கொஞ்சம் கஷ்டம் என்றால் முடியாது. ‘நந்தி ஸாயா கபாரி’, பிறகு சொல்லியனுப்புகிறேன் என்றால் பெரும்பாலும் சொல்லியனுப்ப மாட்டார். ‘கமி பெலஜாரி துலு’ உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். ‘இன்ஷா அல்லாஹ்’ சொல்பவரைப் பொறுத்தது. பக்தியோடு உறுதியாகச் சொல்பவரும் உண்டு, கழன்றுகொள்ளச் சொல்பவரும் உண்டு. கூடவே தேதி வருகிறதா என்று கவனித்தால் பிடிபடும். பல்லிடுக்கில் காற்றை இழுத்துக்கொண்டு பதில் தாமதமானால், பதில் வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அதனால் ஆமா இல்லையா என்று பதில் வரும் கேள்வியைக் கேட்காதீர்கள். ‘15ஆம் தேதிக்குள் அனுப்பிவிடுவீர்களா?’ என்றால் ‘யா’ வரும், சரக்கு வராது. ‘எந்தத் தேதியில் அனுப்ப முடியும்?’ என்று கேளுங்கள். அதைவிட நல்ல கேள்வி ஒன்று உண்டு: ‘அடா கெண்டாலா, பாக்?’ ஏதாவது இடைஞ்சல் இருக்கிறதா ஐயா? ‘கெண்டாலா’ என்பது மென்மையான சொல். யார் மேலும் பழி சுமத்தாது. அதைக் கேட்டபின்தான், கப்பல் கிடைக்கவில்லை, மேலிடத்தில் கையெழுத்து வரவில்லை என்று ஒவ்வொன்றாக வெளியே வரும்.

எங்கே கேட்கிறீர்கள் என்பதும் முக்கியம். ‘அஸால் பாபாக் ஸெனாங்’ என்று ஒரு பழைய கிண்டல் உண்டு, ‘ஐயா சந்தோஷமாக இருந்தால் சரி’. பெரியவர் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் கீழே இருப்பவர் கெட்ட சேதி சொல்ல மாட்டார். உண்மை வேண்டுமானால் கூட்டம் முடிந்து பொறியாளரோடு தனியாக ஒரு காப்பி குடியுங்கள்.

இதை நான் கற்றுக்கொண்டதும் அடிபட்டுத்தான். ஒரு சரக்கில் அளவு தப்பியிருந்தது. கூட்டத்தில் வரைபடத்தை விரித்து, ‘இதை யார் பார்த்து அனுப்பினீர்கள்?’ என்று கேட்டேன். குரல்கூட உயரவில்லை, கோவைக் கணக்குப்படி. அந்த இளைஞர் சிரித்தார். எனக்கு எரிச்சல் வந்தது. அது கேலிச் சிரிப்பு அல்ல, கூனிக்குறுகிப் போனவரின் சிரிப்பு என்பது அன்று தெரியவில்லை. அதற்குப் பிறகு அவர் என் ஒரு செய்திக்கும் பதில் போடவில்லை. ‘இந்த அளவை நானும் கவனிக்காமல் விட்டுவிட்டேன், இருவரும் சேர்ந்து பார்ப்போமா’ என்று தனியாகச் சொல்லியிருந்தால் அன்று மாலையே சரியாகியிருக்கும்.

முடிவுகளைப் பொறுத்தவரை ‘முஷாவரா’, ‘முஃபாகத்’ என்று இரண்டு சொல் உண்டு: கூடிப் பேசுதல், ஒருமனதாதல். ஓட்டெடுத்து முடிப்பதை விரும்ப மாட்டார்கள். ஒரே விஷயத்துக்கு மூன்று தடவை போக வேண்டியிருக்கும். பட்ஜெட்டில் அதற்கும் பணம் போட்டு வையுங்கள்.

எட்டாம் படி: தலை, கை, குரல்

நம் தலையாட்டல் அங்கே தீராத குழப்பம். பக்கவாட்டில் ஆட்டினால் அவர்களுக்கு மறுப்பு. நீங்கள் ‘சரி சரி’ என்று ஆட்டிக்கொண்டிருப்பீர்கள், அவர் விலையைக் குறைத்துக்கொண்டே போவார். வாங்க வந்தவருக்கு லாபம்தான், விற்க வந்தவருக்குத்தான் வம்பு. மேலும் கீழும் ஆட்டப் பழகுங்கள், அல்லது வாயால் சொல்லுங்கள்.

குரலைப் பாதியாகக் குறைக்க வேண்டும். நாம் சாதாரணமாகப் பேசுவதே அவர்களுக்குச் சண்டை. குறுக்கே பேசுவதும் அப்படித்தான். இடுப்பில் இரு கையையும் வைத்து நின்றால் கோபமாக இருக்கிறீர்கள் என்று பொருள். ஆளையோ பொருளையோ காட்ட ஆள்காட்டி விரல் வேண்டாம். ஜாவாக்காரர்கள் மற்ற விரல்களை மடக்கி வலது கைக் கட்டைவிரலால் காட்டுவார்கள், பார்க்க அழகாக இருக்கும். உட்கார்ந்திருப்பவர்களுக்கு முன்னால் கடந்துபோகும்போது வலது கையைத் தாழ நீட்டி, உடம்பை லேசாக வளைத்து, ‘பெர்மிஸி’ என்று சொல்லிக்கொண்டே போக வேண்டும். பாண்டுங் பக்கம் ‘புந்தென்’. அன்னியர் ஒருவர் ‘புந்தென்’ சொல்வதைக் கேட்டால் சுண்டாக்காரர் முகம் மலர்வதைப் பாருங்கள். தலையைத் தொடாதீர்கள், குழந்தையானாலும்.

ஒன்பதாம் படி: சாப்பாட்டு மேசை

பாடாங் உணவகத்துக்குக் கூட்டிப்போவார்கள். உட்கார்ந்ததும் பத்துப் பதினைந்து தட்டுகள் அடுக்கடுக்காக வந்து இறங்கும். எல்லாவற்றுக்கும் பணம் இல்லை, தொட்டதற்கு மட்டும்தான். கையால் சாப்பிடலாம். சின்னக் கிண்ணத்தில் வரும் தண்ணீர் விரல் கழுவ, குடிக்க அல்ல. மற்ற இடங்களில் வலது கையில் கரண்டி, இடது கையில் முள்கரண்டி. பெரியவர் தொடங்கட்டும், அழைத்தவர்தான் பணம் கொடுப்பார், பில்லுக்காகக் கைகலப்பு வேண்டாம்.

சைவர்கள் கவனிக்க. ‘வெஜிடேரியன்’ என்றால் இறைச்சித் துண்டு இல்லாதது என்றுதான் புரிந்துகொள்வார்கள். மிளகாய்த் துவையலான சம்பலில் ‘தெராஸி’ இருக்கும், புளிக்கவைத்த இறால் விழுது. அப்பளம் என்று நினைத்து எடுப்பது இறால் அப்பளமாக இருக்கும். அந்த அட்டைப்பெட்டித் தின்பண்டத்தில் இலையில் சுற்றிய ‘லெம்பெர்’ பார்க்க நம் கொழுக்கட்டை மாதிரி இருக்கும், உள்ளே கோழி. ‘தன்பா டாகிங், தன்பா இக்கான், தன்பா தெராஸி’ என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: இறைச்சி, மீன், இறால் விழுது இல்லாமல். சோயாவில் செய்யும் டெம்பே, தாஹு, வேர்க்கடலைச் சாறு சேர்த்த காய்கறிகளான காடோ காடோ, பெச்செல் என்று நல்ல சாப்பாடு நிறைய இருக்கிறது. டெம்பேயின் மூலப்பொருளான சோயாவுக்கு அங்கே ‘கெடெலாய்’. நம் கடலைதான் அங்கே போய் அப்படி ஆகியிருக்கிறது.

பத்தாம் படி: பரிசும் பணமும்

ஊரிலிருந்து ஏதாவது கொண்டுபோங்கள், ‘ஓலே ஓலே’ என்பார்கள். தனி ஆளுக்கு விலையுயர்ந்ததாக வேண்டாம். அலுவலகம் மொத்தத்துக்கும் பகிரும்படி ஒரு பெட்டி நெய் மைசூர்பா எடுத்துப் போங்கள். மது, பன்றிக்கொழுப்பு கலந்தவை கூடாது. உங்கள் முன்னால் பிரிக்க மாட்டார்கள், பிடிக்கவில்லை என்று நினைக்காதீர்கள்.

அரசு அதிகாரி என்றால் பரிசே வேண்டாம். அங்கே ஊழல் ஒழிப்பு ஆணையம் இருக்கிறது. அதிகாரி தான் வாங்கியதை 30 வேலை நாட்களுக்குள் அங்கே தெரிவிக்க வேண்டும். ‘உவாங் ரோக்கோக்’ என்று யாராவது சொன்னால் சிகரெட் காசு என்று அர்த்தம். சிகரெட் வாங்க அல்ல. சிரித்துக்கொண்டே, ‘எங்கள் கம்பெனியில் ரசீது கேட்பார்கள்’ என்று சொல்லிவிடுங்கள். வேலை தாமதமாகும், ஆனால் நடக்கும்.

பதினோராம் படி: ஊர் திரும்பிய பிறகு

மின்னஞ்சல் பதிவுக்கு, வேலை நடப்பது வாட்ஸ்அப்பில். செய்தியை ‘ஸெலாமத் பாகி, பாக்’ என்றுதான் தொடங்க வேண்டும். நேராக ‘விலை என்னாச்சு’ என்று அனுப்பினால் நீலக் குறி விழும், பதில் விழாது.

எண்களில் கவனம். ஆயிரங்களைப் பிரிக்க அவர்கள் புள்ளி போடுவார்கள், தசமத்துக்குக் காற்புள்ளி. 1.500.000 என்பது பதினைந்து லட்சம். 12,5 என்பது பன்னிரண்டரை. லட்சம், கோடி கிடையாது: ‘ஜூத்தா’ என்றால் பத்து லட்சம், ‘மிலியார்’ என்றால் நூறு கோடி. உதிரிபாக அளவை நான் நம் முறையில் எழுதி அனுப்ப, அவர்கள் வேறாகப் படித்த கதை ஒன்றும் உண்டு. அதை இங்கே சொல்லவில்லை.

ஒப்பந்தம் இந்தோனேசிய மொழியிலும் இருக்க வேண்டும் என்று 2009ஆம் ஆண்டின் மொழிச் சட்டம் சொல்கிறது. ஆங்கிலத்தில் மட்டும் எழுதிய ஒரு கடன் ஒப்பந்தத்தை மேற்கு ஜகார்த்தா நீதிமன்றம் 2013இல் செல்லாது என்று தீர்த்தது. இரு மொழியிலும் பக்கத்துப் பக்கம் வைத்துப் போடுங்கள். 10,000 ரூபியா ‘மெத்தெராய்’ வில்லை (நம் ரெவின்யூ ஸ்டாம்ப் மாதிரி) ஒட்டி, கையெழுத்து அதன்மேல் பாதி ஏறும்படி போட வேண்டும். கம்பெனி முத்திரையும் கேட்பார்கள், மறக்காமல் கொண்டுபோங்கள்.

கடைசியாக ஒன்று. லெபாரான் அன்று ஆர்டர் கொடுத்தவருக்கும் கொடுக்காதவருக்கும் ‘மொஹோன் மாஆஃப் லாஹிர் டான் பாத்தின்’ என்று ஒரு வரி அனுப்புங்கள். வெளியிலும் உள்ளத்திலும் செய்த பிழைகளைப் பொறுத்தருள்க என்று பொருள். அன்று நாடே ஒருவருக்கொருவர் அதைத்தான் சொல்லிக்கொள்ளும். மஜலாயா பெரியவருக்கு நான் அனுப்பினேன், விலையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாமல். அடுத்த வாரம் பதில் வந்தது: பழைய விலைப்பட்டியல் இன்னும் அதேதானா, பாக்?